வலம் மட்டும் சுற்றியவர்

என் வீட்டுக்கு அவர் நேரே வந்து நான் பார்த்ததில்லை. வேலிப் படலையைத் திறந்தால் கதவு வலக்கைப் பக்கம், நாலு எட்டில் இருக்கும். அந்த நாலு எட்டையும் நடந்தால் வீடு அவருக்கு இடப்பக்கம் வந்துவிடும். அதனால் அவர் மறுபக்கமாகப் போய், கிணற்றடியைத் தாண்டி, குசினி அடுப்படியின் பின்புறமாக வந்து, வீட்டை முழுதாக ஒரு தரம் வலம் வந்த பிறகுதான் வாசலில் நின்று "மாஸ்ரர்" என்று கூப்பிடுவார். மாரியில் அந்தச் சுற்றில் அவருடைய கால் கணுக்கால்வரை சேறாகிவிடும். கழுவிவிட்டு வாருங்கள் என்று சொன்னால் கிணற்றடிக்குப் போய்வர இன்னொரு சுற்று. ஆகவே நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. கிளிநொச்சிக்குக் கிழக்கே காட்டை வெட்டி, வாய்க்கால் இழுத்து, யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வயற்காணி கொடுத்துக் குடியேற்றிய ஊர். பள்ளிக்கூடம் என்பது கிடுகு வேய்ந்த ஒரு நீளக் கொட்டில். அதற்கு நான் இருபத்துமூன்று வயது வாத்தியாராக வந்து சேர்ந்தேன். அவர் என் அடுத்த காணிக்காரர். நாற்பது வயதிருக்கும். நாலு வருசத்துக்கு முன் மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். பவளம் என்று பத்து வயதில் ஒரே மகள், என்னிடம்தான் படித்தாள்.

இன்றைக்கு அந்த ஊரை நினைத்தால் பாதி கனவு கண்டதுபோலத்தான் இருக்கிறது. மார்கழியில் காலை எட்டு மணிவரை பனிப்புகார் வயலை மூடிக் கிடக்கும். மயில் அகவுவது கேட்கும், மயிலைக் காணோம். யாரோ யாரையோ கூப்பிடுவார்கள், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று பிடிபடாது. அந்தப் புகாருக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வரும். வாய்க்கால் வீதியும் பள்ளிக்கூட வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு மருதமரம். பள்ளிக்கூடப் பக்கம் வர இடப்பக்கம் திரும்பினால் போதும். அந்தச் சைக்கிளோ மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், மறைந்து, மறுபடி தோன்றி, பிறகுதான் எங்கள் பக்கம் வரும். முன்னால் அவர், பின்னால் பவளம். மரத்தடி வந்ததும் அவள் சாய்ந்து கொடுப்பதைப் பார்த்தால் அந்தச் சுற்றைப் பிறந்த நாளிலிருந்தே சுற்றியவள் போலிருக்கும்.

எதுவானாலும் அவருக்கு வலம்தான். கஞ்சியைத் துழாவினால் வலம். தலைப்பாகை கட்டினால் வலம். நெற்கதிரைச் சூடு மிதிக்க வாங்கிய மாடுகள் இடமாகச் சுற்றிப் பழகியவை. அவற்றை வலம் சுற்றப் பழக்க ஒரு போகமே போய்விட்டது. அயலவர்கள் சிரித்து ஓய்ந்தார்கள். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. பூட்டுவது வலம் என்றாலும் திறப்பது இடமாயிற்றே. லாந்தரின் திரியை ஏற்றுவது அவர், இறக்குவது பவளம். போத்தல் மூடியை இறுக்குவது அவர், திறப்பது பவளம். ஊர் அவரை 'வலஞ்சுழியர்' என்று முகத்துக்கு நேரேயே கூப்பிட்டது. அவர் கோபிக்கவுமில்லை, விளக்கம் சொல்லவுமில்லை.

நான் அப்போது புத்தகம் படித்த திமிர் இறங்காதவன். ஒருநாள் அவரை மடக்குவதற்காக, வடக்கே நின்று பார்த்தால் இந்தப் பூமியே இடமாகத்தான் சுற்றுகிறது, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணை என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார்.

"அதுதான் இப்பிடிக் கிடக்கு" என்றார்.

அந்தக் கார்த்திகையில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வாசிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். பவளத்தின் பெரியம்மா, அதாவது அவருடைய மனைவியின் தமக்கை, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருந்தார். பிள்ளை ஒட்டுப்போட்ட சட்டையோடு பள்ளிக்குப் போவதாகக் கேள்விப்பட்டாராம். தாயில்லாத பெண்பிள்ளையை ஒரு ஆண் காட்டுக்குள் வைத்து வளர்க்க முடியாது. பொங்கல் முடியத் தானே வருவதாகவும் பிள்ளையைக் கூட்டிப்போய்த் தன் பிள்ளைகளோடு வைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். கடுமை இல்லாத, முடிவாக எழுதிய கடிதம். அதில் பொய்யும் இல்லை. பவளத்தின் சட்டைகளுக்கு அவர் சாக்குத் தைக்கிற ஊசியால்தான் ஒட்டுப்போட்டிருந்தார்.

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடிதத்தை வாங்கி மடித்து மடித்துப் பீடியளவுக்கு ஆக்கி மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள், வளர்த்த நாம்பன் கன்றை வண்டிக்குப் பின்னால் கட்டி வவுனியாவுக்குப் போனவர், ஒரு கிழமை கழித்து, கன்றில்லாமல், வண்டிக்குள் சாக்கால் மூடிய ஒரு தையல் மெசினோடு திரும்பி வந்தார்.

பழைய கால்மெசின் அது. வவுனியாவில் ஒரு முஸ்லிம் தையற்கார நானா புதிது எடுத்தபடியால் அதைக் கொடுத்திருந்தார். கறுப்பு நிறம் தேய்ந்து, பூவேலை பாதி அழிந்து போயிருந்தது. நானா இவருக்கு முன்னால் ஒரு தரம் நூல் கோத்துத் தைத்துக் காட்டியிருக்கிறார். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள் கோத்து முடித்துவிட்டாராம். பிறகு நூலை உருவி எடுத்துக்கொண்டு மெசினை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டார். அந்த நேரம் முழுவதும் இவர் நூலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சக்கரத்தைப் பார்க்கவேயில்லை.

மழை பிடித்துக்கொண்டது. வயலில் வேலையில்லை, பள்ளிக்கூடமும் விடுமுறை. இரண்டு ஆண்கள் ஒரு நூலை வைத்துக்கொண்டு அந்த மார்கழியைக் கழித்தோம். கூரையிலிருந்து பீலியில் தண்ணீர் விழும் சத்தம் ஓயாமல் கேட்கும். பவளம் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். அது ஆறிப்போகும். நேரம் போனதே தெரியாது. மேலே நூற்கட்டை, கீழே ஊசி. இடையில் கொக்கிகள், வட்டத் தகடுகள், ஒரு சின்ன வில், ஓட்டையுள்ள ஓர் இரும்புக் கை. எதற்குள் முதலில் போய் எதற்குள் வருவது? என் படிப்பு எனக்குக் கைகொடுக்கவில்லை. அவர்தான் கண்டுபிடித்தார்.

"இது குளம்" என்று நூற்கட்டையைத் தொட்டார். "இந்தத் தகடு குளத்துக் கதவு, துருசு. திறந்தாத்தான் விடும், இறுக்கினா மறிக்கும். இந்தக் கொக்கியள் வாய்க்கால். ஊசிதான் மடை. தண்ணி போற வழி தெரிஞ்சவனுக்கு நூல் போற வழி தெரியாதோ, மாஸ்ரர்?"

அந்த இரும்புக் கையை மட்டும் இருவரும் விட்டுவிட்டோம். நூல் ஒவ்வொரு தரமும் ஊசியிலிருந்து கழன்றது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சக்கரத்தோடு சேர்ந்து அது ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கிணற்றுத் துலா சும்மா ஏறி இறங்குவதில்லை, இதுவும் நூலைத் தூக்கத்தான் ஏறுகிறது என்று சொல்லி, நூலை அதன் ஓட்டைக்குள்ளால் விட்டார். சரியாக இருந்தது. ஊசியில் நீளமாக, பள்ளமாக ஒரு தவாளிப்பு ஓடும் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழையவேண்டும் என்பதைப் பவளம் கண்டாள். கீழ் உருளையின் நூலை மேல்நூல் கொளுவி எடுத்துவந்த அன்று, பெருநாள் போல மூவரும் பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்தோம். துருசை இறுக்க மட்டும் அவருக்கு வரும். தளர்த்த வேண்டுமென்றால் பவளத்தைக் கூப்பிடுவார்.

இத்தனையும் சரிவந்த பிறகு மெசின் தைக்கவில்லை.

சக்கரத்தின் முகம் வலப்பக்கம் பார்த்திருக்கும். அதை மேலே பிடித்து முன்னே தள்ளினால் வலம், தன்னை நோக்கி இழுத்தால் இடம். அவர் முன்னே தள்ளிவிட்டு மிதித்தார். துணி மறுபக்கம் போவதற்குப் பதிலாக அவருடைய நெஞ்சை நோக்கி ஊர்ந்து வந்தது. புரட்டிப் பார்த்தால் அடியில் நூல் குருவிக்கூடாகச் சிக்கிக் கிடந்தது. அறுத்தெடுத்துவிட்டு மறுபடி கோத்தோம். மறுபடி கூடு. நூறு தரம் கோத்திருப்போம். நூல் கோப்பதில் எங்கள் கை அந்த நானாவை வென்றுவிட்டது, தைத்தது ஒரு அங்குலமும் இல்லை. நானா ஏமாற்றிவிட்டார் என்று நான் சினந்தேன். அப்படிச் சொல்லவேண்டாம், அந்த மனிசன் தொழுதுவிட்டு வந்து கையால் தந்தவர், பிழை எங்களில்தான் இருக்கும் என்று அவர் தடுத்தார். பொங்கலுக்கு இரண்டு கிழமைகூட இல்லை.

ஒரு மத்தியானம் மழை விட்டு வெயில் எறித்தது. வரம்பு பார்க்க அவர் வயலுக்குப் போயிருந்தார். நான் அவர் படலையைக் கடந்து போகையில் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. தடங்கலில்லாமல், ஒரே சீராக, நெல்லுக் கொழிப்பதுபோல. உள்ளே எட்டிப் பார்த்தேன். பவளம் நின்றபடி ஒரு காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். சக்கரம் அவளை நோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் உடுத்துக் கழித்த பழைய சாரத்தில் கிழித்த ஒரு துண்டு ஊசிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கோடுகள், கொப்பியில் அடித்த கோடுபோல அத்தனை நேர்.

என்னைக் கண்டதும் சக்கரத்தைப் பொத்திப் பிடித்தாள்.

"ஐயாட்டச் சொல்லாதேங்கோ, மாஸ்ரர். இது இடம் சுத்தினாத்தான் தைக்குது."

எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். ஒரு கிழமைக்கு முன்னமே என்றாள். ஏன் சொல்லவில்லை? பொங்கல் வருகிறதல்லவா? அவள் அந்தத் துண்டைச் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். ஐயா பாவம் என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "நான் பெரியம்மாவோட போறன், பரவாயில்லை" என்றாள்.

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். இரண்டு நாள்தான் தாங்கினேன். அந்தப் பிள்ளை போய்விடும் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பவளம் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அவரிடம் போனேன். அவளைப் பற்றி மூச்சு விடாமல், சக்கரத்தை மறுபக்கம் இழுத்துப் பார்த்தால் என்ன என்று மட்டும் கேட்டேன்.

அவர் சிக்கின நூலை அறுத்தெடுத்துக்கொண்டே சொன்னார்.

"அது எனக்கு விளங்கிட்டுது, மாஸ்ரர். சீலை என்னட்டத் திரும்பி வரேக்கையே விளங்கிட்டுது."

எனக்குக் கோபம் வந்தது. விளங்கியும் பேசாமல் இருந்தீர்களா என்றேன். அப்போதுதான் சொன்னார்.

"நான் ஒருக்கா இடம் சுத்தினனான், சுடலையில, பவளத்தின்ர தாய்க்கு. எங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை, கொள்ளிக்குடம் என்ர தோளிலதான். மூண்டு தரம் இடமாச் சுத்தினன். சுத்தி முடிய, திரும்பிப் பாராமல் வா எண்டிச்சினம். அவளை விட்டிட்டு வந்திட்டன். இனி ஒருக்காச் சுத்தினா ஆரை விடுறது?"

நாலு வருசமாக வீட்டையும் மரத்தையும் அவர் சுற்றிய சுற்றெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. மெசினின் மறுபக்கத்தில் போய் நின்று, இங்கே நின்று பார்த்தால் அதே சுற்று வலமாகத் தெரிகிறது, பாருங்கள் என்றேன்.

"சுத்துறது நானல்லோ" என்றார்.

பவளம் தைக்கட்டும் என்றேன். அதற்கு மட்டும் அவர் குரல் உயர்ந்தது. தன்ர சட்டையைப் பிள்ளை தானே தைச்சுப் போட்டா, தேப்பன் எண்டு நான் என்னத்துக்கு என்று கேட்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சத்தியத்தை மீறி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அந்தத் துண்டை எடுத்து மெசின்மேல் வைத்தேன். இதைத் தைக்கத் தெரிந்தவள், உங்களுக்கு நோகும் என்று மறைத்துவிட்டுப் பெரியம்மாவோடு போகத் தயாராக இருக்கிறாள் என்றேன்.

அவர் அதைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவினார். கடைசிக் கோட்டில் விரல் நின்றது.

"லாந்தரை இறக்கிறதும் அவள்தான். போத்தலைத் திறக்கிறதும் அவள்தான்" என்றார் மெல்ல. "இடம் எல்லாத்தையும் பிள்ளையின்ர கையில குடுத்திட்டு, நான் நல்லவன் மாதிரி வலம் வந்துகொண்டு இருந்திருக்கிறன்."

கிணற்றடியில் நின்ற பவளத்தைக் கூப்பிட்டார். அவள் வந்து துண்டைக் கண்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இன்னும் மறக்கவில்லை. அவர் கதிரையை இழுத்துப் போட்டு மெசினுக்கு முன்னால் இருந்தார். "என்னை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நில், பிள்ளை. விடாதை" என்றார். அவள் பின்னால் நின்று இரண்டு கையாலும் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் சக்கரத்தில் கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு தன்னை நோக்கி இழுத்தார். துணி ஒரு தரம் துடித்துவிட்டு அப்பால் போனது. துண்டு முடியும்வரை மிதித்தார். கண்ணைத் திறந்ததும் முதலில் திரும்பி அவளைத்தான் பார்த்தார், தையலையல்ல.

அந்தச் சட்டை தைத்து முடிய எட்டு நாள் பிடித்தது. பூப்போட்ட சீத்தைத் துணி வாங்கி, பழைய சட்டையைப் பிரித்து மேலே வைத்து வெட்டினோம். வெட்டியதில் என் பங்கும் உண்டு. கை கட்டையாகப் போனதற்கு நானும் பொறுப்பு. எட்டு நாளும் அவர் மிதிக்கும்போதெல்லாம் பவளம் தோளைப் பிடித்தபடி நின்றாள். வெளியே புகார், உள்ளே அந்தச் சீரான சத்தம், இரண்டுபேர் ஒரே ஆள்போல மெசினுக்கு முன்னால். பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நித்திரை வருவதுபோல, ஆனால் நித்திரைக்குப் போக மனமில்லாததுபோல ஒரு சுகம் வரும்.

பல வருசம் கழித்து, வேறோர் ஊரில், கையால் சுற்றும் மெசின் ஒன்றைக் கண்டேன். கைபிடி வலமாகப் போகிறது, உள்ளே பல்லுக்குப் பல்லுக் கொளுவிச் சக்கரம் இடமாக வருகிறது. இப்படியும் ஒன்று உலகத்தில் இருந்ததா என்று திகைத்து நின்றேன். அன்றைக்கு அது எங்களுக்குக் கிடைத்திருந்தால் அவர் ஒன்றையும் கைவிடாமலே தைத்து முடித்திருப்பார். கிடைக்காததே நல்லது என்று பிறகு தோன்றியது. அந்தச் சட்டைக்குப் பிறகு லாந்தரின் திரியையும் அவரே இறக்கினார். மற்றப்படி அவர் மாறினார் என்று சொல்லமாட்டேன். மருதமரத்தையும் என் வீட்டையும் வலம் வருவது நான் மாற்றலாகிப் போகும்வரை நிற்கவில்லை.

பொங்கல் கழிந்த நாலாம் நாள் பெரியம்மா வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனுசி. கையில் குடை, கூட வண்டிக்காரன் இறக்கி வைத்த ஒரு தகரப் பெட்டி. பெட்டி வெறுமையாக இருந்தது. பவளத்தின் உடுப்புகளை வைக்கக் கொண்டுவந்தது என்று சொல்லாமலே விளங்கியது. இரண்டு நாள் தங்கினார். வந்த அன்று பவளம் புதுச் சட்டையோடு முன்னால் வந்து நின்றாள். ஆர் தைத்தது என்று கேட்டார். ஐயா என்றாள். அவர் நம்பவில்லை. அடுத்த நாள் சட்டை கொடியில் காயும்போது அதை எடுத்து, உட்புறம் புரட்டி, அக்குள், கழுத்து, விளிம்பு என்று ஒவ்வொரு தையலாக இழுத்து இழுத்துப் பார்த்ததை என் வளவிலிருந்தே கண்டேன். பிறகு குசினிக்குள் நின்ற மெசினடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அவர் திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. பவளத்தின் தகப்பன் அந்த இரண்டு நாளும் சோறு தின்றதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை எல்லாரும் பெருந்தெருவுக்குப் போனோம். தகரப் பெட்டியை இவர்தான் தலையில் சுமந்து வந்தார். அதற்குள் என்ன இருக்கிறது, பாரமா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பவளம் அதே சட்டையோடு பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். புகாருக்குள்ளிருந்து பஸ்ஸின் வெளிச்சம் முதலிலும் பஸ் பிறகும் வந்து நின்றது. கொண்டக்டர் பெட்டியை வாங்கிக் கூரைக்கு எறிந்தான், எறிந்த வீச்சில் அது வெறும் பெட்டியென்று தெரிந்தது.

பெரியம்மா பவளத்தின் கையைத் தன் கையிலிருந்து எடுத்துத் தகப்பனுடைய கையில் வைத்தார். படியில் ஒரு கால் வைத்தபிறகு திரும்பி, பிள்ளையின் தோளடியைப் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த சட்டைக்குக் கையைக் கொஞ்சம் கூட விட்டு வெட்டுங்கோ."

இவர் படியடிக்கு ஓர் எட்டு வைத்தார். பஸ் இரைந்துகொண்டு நின்றது.

"எவ்வளவு விட, மச்சாள்?"

"ரெண்டு விரல். வளருற பிள்ளை, வருசம் முழுக்கப் போடவேணுமல்லோ."